கேலக்ஸி ஏ55, ரெட்மி நோட் 13 ப்ரோ, பழைய ஐபோன் 13: டர்பனில் ஐந்தாண்டு உழைக்கும் கைப்பேசி எது?

கேள்வி: சாட்ஸ்வொர்த் தமிழ் வகுப்பு

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் வார இறுதியில் சிறுவர்களுக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். பாடத்தாள் தயாரிப்பது, பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவது, பிள்ளைகள் வாசிப்பதைப் பதிவு செய்து வீட்டுக்கு அனுப்புவது என எல்லா வேலைகளும் என் கைப்பேசி ஒன்றில்தான் நடக்கின்றன. அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருவது நின்றுவிட்டது. வங்கிச் செயலியும் விரைவில் இதில் இயங்காது என்று எச்சரிக்கை காட்டுகிறது.

கையில் 9,000 ரேண்ட் சேர்த்து வைத்திருக்கிறேன். சாம்சங் கேலக்ஸி ஏ55, ஷாவ்மி ரெட்மி நோட் 13 ப்ரோ, ஒருவர் பயன்படுத்தி விற்கும் ஐபோன் 13 ஆகிய மூன்றையும் பார்த்து வைத்துள்ளேன். கடைக்குக் கடை விலை மாறினாலும், மூன்றும் இந்தத் தொகையை ஒட்டியே வருகின்றன. விளம்பரத் தாள்களை அருகருகே வைத்துப் படித்தால் ரெட்மியில் 200 மெகாபிக்சல் கேமராவும் 67 வாட் சார்ஜரும் இருப்பதால் அதுவே மேலானது போலத் தெரிகிறது. ஆனால் எனக்கு வேண்டியது ஐந்தாண்டு உழைப்பு, தமிழில் தடையற்ற தட்டச்சு, மின்வெட்டு நாளில் கைவிடாத பேட்டரி, கோயில் திருவிழாவில் மாலை நேரத்து வெளிச்சத்தில் காவடியைத் தெளிவாகப் படமெடுக்கும் கேமரா ஆகியவைதான். இவற்றை முன்வைத்து ஒப்பிட்டால் எதை வாங்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: பீனிக்ஸ் பழுதுநீக்குநர்

வணக்கம் அம்மா. நான் பீனிக்ஸில் கைப்பேசி பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். நீங்கள் முதலில் கேட்ட ஐந்தாண்டு உழைப்பிலிருந்தே தொடங்குகிறேன். விளம்பரத் தாளில் மிகச் சிறிய எழுத்தில் வருவதும், கடைக்காரர் சொல்லாமல் விடுவதும் அதுதான்.

புதுப்பிப்புக்கு நிறுவனங்கள் தரும் உறுதி, அந்த மாதிரி சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. கேலக்ஸி ஏ55 வெளிவந்தது 2024 மார்ச்சில். அதற்கு நான்கு ஆண்ட்ராய்டு பதிப்பு உயர்வுகளும் ஐந்தாண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்பும் உண்டு என்பதால் 2029 தொடக்கம் வரைதான் கணக்கு. ரெட்மி நோட் 13 ப்ரோ உலகச் சந்தைக்கு வந்தது 2024 ஜனவரியில். மூன்று பதிப்பு உயர்வு, நான்கு ஆண்டுப் பாதுகாப்பு என்பது அதற்குரிய உறுதி. அது வெளிவந்தபோதே ஆண்ட்ராய்டு 14 இருந்தும், பெட்டியிலிருந்து 13ஆம் பதிப்போடு வந்தது. ஆகவே மூன்று உயர்வு என்பது 16ஆம் பதிப்போடு முடிகிறது. ஏ55 கைப்பேசியோ 14இல் தொடங்கி 18 வரை செல்லும். இரண்டையும் ஒரே விலையில் வாங்கினாலும் ஏ55க்கு ஓராண்டுக்கு மேல் ஆயுள் கூடுதல்.

ஐபோனுக்கு ஆப்பிள் இப்படி முன்கூட்டியே ஆண்டுக் கணக்குச் சொல்லி விற்பதில்லை. பழைய நடப்பைப் பார்த்துத்தான் நாம் மதிப்பிட வேண்டும். 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு ஐஓஎஸ் 12 முதல் 18 வரை எல்லாப் பதிப்புகளும் கிடைத்தன. 2025இல் வந்த ஐஓஎஸ் 26 கிடைக்கவில்லை. அதே ஏழாண்டு முறை தொடர்ந்தால், 2021 செப்டம்பரில் வந்த ஐபோன் 13 ஏறத்தாழ 2028 வரை புதிய பதிப்புகளைப் பெறும்.

ஆக, நீங்கள் எழுதிய மூன்றில் எதுவும் இன்றிலிருந்து ஐந்தாண்டைத் தொடவில்லை. எனவே உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 2025 மார்ச்சில் வந்த கேலக்ஸி ஏ36க்கு ஆறு பதிப்பு உயர்வுகளையும் ஆறாண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்பையும் சாம்சங் உறுதியளித்துள்ளது; அதாவது 2031 வரை. அதன் சிப் ஏ55இல் உள்ளதைவிடச் சற்று மெதுவானதுதான். ஆனால் பாடத்தாள், வாட்ஸ்அப், குரல் பதிவு ஆகிய வேலைகளில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. பெரிய விளையாட்டுகளை ஆடும் ஒருவருக்கு நான் இதே அறிவுரையைச் சொல்ல மாட்டேன்.

இழப்பு ஒன்று உண்டு. ஏ55இல் இரண்டாம் சிம்முக்குரிய இடத்தில் மெமரி கார்டு போடலாம்; ஏ36இல் அதற்கு இடமே இல்லை. நீங்கள் குரல் பதிவுகளைச் சேர்த்து வைப்பவர் என்பதால் 128 ஜிபி விரைவில் நிரம்பும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் 256 ஜிபி உள்ளதையே வாங்குங்கள்.

மறுமொழி 2: டொங்காட் வாசகர்

பழுதுநீக்குநர் ஐயா ஆண்டுக் கணக்கைச் சரியாகவே பிரித்துக் காட்டியிருக்கிறார். ஆயினும் ஐபோனை இத்தனை எளிதாக ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. தமிழில் நிறைய எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: 2013இல் வந்த ஐஓஎஸ் 7 முதலே தமிழ்99 (தமிழ் எழுத்துகளையே விசைகளாகக் கொண்டது), அஞ்சல் (ஆங்கில எழுத்துகளால் ஒலிப்படி தமிழை எழுதுவது) ஆகிய இரு விசைப்பலகைகளும் ஐபோனுக்குள்ளேயே இருக்கின்றன. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. மாலை நேரக் காவடி ஊர்வலத்தில் ஆட்டம் வேகமாக இருக்கும், விளக்கு மஞ்சளாக இருக்கும், பின்னணி இருட்டாக இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் காணொளி எடுப்பதற்கு இந்தப் பட்டியலில் ஐபோன் 13தான் முதலிடம் பெறும் என்பது என் உறுதியான கருத்து. ரெட்மியின் 200 மெகாபிக்சலைக் கண்டு மயங்க வேண்டாம். வழக்கமான நிலையில் அது பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தையே தருகிறது. முழு அளவில் எடுக்கலாம் என்றாலும் இருட்டில் அது உதவாது.

வாங்குவதானால் பார்க்க வேண்டியவை சில உண்டு. அமைப்புகளில் பேட்டரியின் நலம் எத்தனை விழுக்காடு என்று காட்டும். ஐபோன் 14 வரையிலான மாதிரிகளின் பேட்டரி, 500 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு 80 விழுக்காட்டுக் கொள்ளளவைத் தக்க வைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்று ஆப்பிளே சொல்கிறது. ஆகவே நான்கு ஆண்டு உழைத்த ஐபோன் 13க்குப் புதிய பேட்டரியின் விலையையும் இன்றே கணக்கில் சேர்த்துவிட வேண்டும். அதே அமைப்புகளில் 'அறிமுகம்' பகுதிக்குச் சென்றால் திரையோ பேட்டரியோ கேமராவோ மாற்றப்பட்டிருக்கிறதா என்பதும் தெரியும். திரை மாற்றிய கருவியில் நீர்புகாத் தன்மையை நம்ப வேண்டாம். விற்பவர் தமது ஆப்பிள் கணக்கிலிருந்து உங்கள் கண்முன்னே வெளியேறி, கருவியை முற்றிலும் அழித்துக் கொடுக்காவிட்டால் பணத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். கணக்குப் பூட்டு நீங்காத ஐபோனைப் பிறகு பழுதுபார்க்கும் கடைக்காரர் யாராலும் உங்களுக்குத் திறந்து தர முடியாது.

மறுமொழி 3: மெரிபாங்க் அலைவரிசை

இருவரும் தொடாத இரண்டு செய்திகளை எழுதுகிறேன்.

முதலாவது, மின்வெட்டும் பேட்டரியும். 2023இல் ஆறாம் கட்ட மின்வெட்டை நாம் அனைவரும் கண்டோம். 2024 மார்ச்சுக்குப் பின் நிலைமை பெரிதும் தேறிவிட்டது என்றாலும், 2025 தொடக்கத்தில் அது மீண்டும் தலைகாட்டியது. மின்சாரம் நீண்ட நேரம் இல்லாதபோது கைப்பேசிக் கோபுரத்தின் மாற்று பேட்டரியும் தீர்ந்துபோகும். அருகிலுள்ள கோபுரம் அணைந்ததும் உங்கள் கைப்பேசி தொலைவிலுள்ள கோபுரத்தைப் பிடிக்கத் தன் முழு ஆற்றலோடு அலையை அனுப்பத் தொடங்கும். திரையை அணைத்து வைத்திருந்தாலும் பேட்டரி இறங்குவதற்கு இதுவே காரணம். சிக்னல் இல்லாத நேரத்தில் விமானப் பயண நிலைக்கு மாற்றி வைத்தால் இந்த இழப்பு நிற்கும்.

கொள்ளளவைப் பார்த்தால் ஏ36, ஏ55 இரண்டிலும் 5,000 மில்லி ஆம்பியர் மணி. ரெட்மியின் 5ஜி மாதிரியில் 5,100. ஐபோன் 13 இவற்றின் மூன்றில் இரண்டு பங்கு அளவே. இரண்டு மின்வெட்டுகளுக்கு இடையில் கிடைக்கும் நேரத்தில் விரைவாக ஏற்றிக்கொள்வதில் ரெட்மி தெளிவாக முந்துகிறது. 67 வாட் சார்ஜர் பெட்டியிலேயே வருகிறது. ஏ55 25 வாட் வரையிலும், ஏ36 45 வாட் வரையிலும் ஏற்கும். ஆனால் சாம்சங் சார்ஜரைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். விலையை ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

இரண்டாவது, எந்தச் சந்தைக்காகச் செய்யப்பட்ட கருவி என்பது. குறைந்த விலையில் இணையத்தில் கிடைக்கும் ரெட்மிகளில் சில சீனச் சந்தைக்குரியவை. 2022 மார்ச்சில் நடந்த ஏலத்தில் நம் நாட்டு நிறுவனங்களுக்கு 700, 800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளும் கிடைத்தன. சுவர்களைத் தாண்டி வீட்டுக்குள் வருவதும், நகரத்துக்கு வெளியே நெடுந்தூரம் செல்வதும் இந்தத் தாழ்ந்த அலைவரிசைகள்தாம். சீனப் பதிப்புகள் பலவற்றில் இவற்றுக்குரிய 20ஆம், 28ஆம் அலைப்பட்டைகள் (band) இருப்பதில்லை. டெல்காம் நிறுவனத்தின் சிம் வைத்திருந்தால் 2300 மெகாஹெர்ட்ஸ், அதாவது 40ஆம் அலைப்பட்டையும் இருக்கிறதா என்று பாருங்கள். ரெட்மி நோட் 13 ப்ரோ என்ற ஒரே பெயரில் 4ஜி மாதிரியும் 5ஜி மாதிரியும் விற்கப்படுகின்றன என்பதையும் கவனியுங்கள். 4ஜியில் ஹீலியோ ஜி99 அல்ட்ரா, 5ஜியில் ஸ்னாப்டிராகன் 7எஸ் ஜென் 2. சிப்பே வேறு.

சட்டம் நமக்குத் துணையாகவே இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, வணிகச் சின்ன உரிமையாளரின் ஒப்புதலின்றி இறக்குமதியான பொருளை விற்பவர் அதைத் தெளிவாக அறிவிக்க வேண்டும். 56ஆம் பிரிவின்படி, கடையில் வாங்கிய பொருள் பழுதானால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுதுநீக்கம், மாற்றுப் பொருள், பணம் ஆகிய மூன்றில் ஒன்றைக் கேட்கும் உரிமை உங்களுடையது. எது என்று தேர்ந்தெடுப்பவர் நீங்களே, கடைக்காரர் அல்லர். டொங்காட் ஐயா சொல்லும் ஐபோனைத் தனி மனிதர் ஒருவரிடம் வாங்கினால் இந்த ஆறு மாத உரிமை கிடைக்காது. பழைய கைப்பேசிகளை வணிகமாக விற்கும் கடையில் வாங்கினால் கிடைக்கும். அந்த வேறுபாட்டுக்காகச் சில நூறு ரேண்ட் கூடுதலாகக் கொடுப்பது தகும்.

கேள்வி கேட்டவர்: சாட்ஸ்வொர்த் தமிழ் வகுப்பு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வெளிவந்த நாளிலிருந்தே ஆண்டுக் கணக்கு ஓடத் தொடங்குகிறது என்பது எனக்கு முற்றிலும் புதிய செய்தி. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ஏ36இல் தமிழ்த் தட்டச்சு எப்படி இருக்கும்? அடுத்து, ஏ56ஐ மாதம் 399 ரேண்ட் வீதம் 36 மாத ஒப்பந்தத்தில் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். ஏ56தானே அடுத்த படி, அதை எடுப்பது நல்லதா?

மறுமொழி 4: பீனிக்ஸ் பழுதுநீக்குநர்

தட்டச்சைப் பற்றிக் கவலை வேண்டாம் அம்மா. கூகுளின் ஜிபோர்டு என்ற விசைப்பலகைச் செயலியில் தமிழ் எழுத்துப் பலகையும் உண்டு, ஒலிபெயர்த்து எழுதும் முறையும் உண்டு. 2017 முதல் தமிழில் பேசியும் எழுதலாம். நீளமான பாடத்தாளைச் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொள்ளும். பிறகு ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்தினால் போதும். தமிழ்99 பழகியவராக இருந்தால் செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். எழுத்தின் அளவைப் பெரிதாக்கினாலும் சாம்சங் திரையில் தமிழ் எழுத்துகள் ஒன்றோடொன்று மோதாமல் படிக்க வசதியாக இருக்கின்றன.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, 399ஐ 36ஆல் பெருக்கினால் 14,364 ரேண்ட். உங்களிடம் 9,000 ரொக்கமாக இருக்கும்போது இதை ஏற்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. அதே தொகைக்குள் டேட்டாவும் அழைப்பு நிமிடங்களும் எவ்வளவு என்று கேட்டு, நீங்கள் மாதந்தோறும் உண்மையில் வாங்கும் டேட்டாவின் விலையைக் கழித்துப் பாருங்கள். மிச்சம் கருவியின் ரொக்க விலைக்கு மேல் போனால் விட்டுவிடுங்கள். ஏ56 விரைவான கருவி என்பது உண்மை. ஆனால் அதன் புதுப்பிப்பு ஆயுளும் ஏ36இன் ஆயுளும் ஒன்றே. பேட்டரியும் அதே 5,000தான்.

மறுமொழி 5: மெரிபாங்க் அலைவரிசை

ஒப்பந்தம் பற்றி ஒன்றைச் சேர்க்கிறேன். அதே நுகர்வோர் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி இத்தகைய ஒப்பந்தத்தை 20 வேலைநாள் முன்னறிவிப்புக் கொடுத்து முறிக்கலாம். ஆனால் கருவிக்கான மீதித் தொகையை ஒட்டி நியாயமான கட்டணம் கேட்கப்படும். முறித்தால் செலவின்றி வெளியேறிவிடலாம் என்று கடையில் யாரும் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். இணையத்தில் ரொக்கமாக வாங்குவதானால், 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்ப இடம் தருகிறது. அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது.

கேள்வி கேட்டவர்: சாட்ஸ்வொர்த் தமிழ் வகுப்பு

தெளிவு கிடைத்தது. 256 ஜிபி கொள்ளளவுள்ள ஏ36ஐ ரொக்கமாக, நம் நாட்டுச் சந்தைக்குரிய பதிப்பு என்று ரசீதில் எழுதித் தரும் கடையில் வாங்குவதாக முடிவு செய்துவிட்டேன். டொங்காட் ஐயா, காவடிப் படங்களுக்கு ஐபோனே சிறந்தது என்ற உங்கள் சொல்லை மறுக்கவில்லை. ஆனால் திருவிழா ஆண்டில் சில நாள்கள், வகுப்பு வாரந்தோறும் நடப்பது. எனக்கு 2031 வரை பாதுகாப்போடு இயங்கும் கருவியே பெரிது. கடைக்குப் போகும்போது என் டெல்காம் சிம்மைப் போட்டு ஓர் அழைப்புச் செய்து பார்த்து, பெட்டியில் உள்ள ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய தனி அடையாள எண்) *#06# அழுத்தினால் திரையில் வரும் எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்த்து, 45 வாட் சார்ஜரையும் அதே ரசீதில் சேர்த்து வாங்கிக்கொள்கிறேன்.