டாலஸ் கரிசலில் புளூபெர்ரி: கந்தகம் போட்டும் இலை மஞ்சளாகிறது

கொல்லைத்தோட்டம்:
டாலஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறோம். கொல்லை மண் கரிசல், பி.எச். (புளிப்பு-கார அளவு) 7.9; புளூபெர்ரிக்கு வேண்டிய புளிப்பு இதில் இல்லை. நவம்பரில் ஒன்றரை அடி குழி எடுத்து, பாதி மண்ணும் பாதி பீட் மாஸும் (புளிப்பான சதுப்புநிலப் பாசி மக்கு) கலந்து டிஃப்புளூ ரகப் புளூபெர்ரிச் செடி ஒன்று வைத்தேன். மண்ணைப் புளிப்பாக்கக் கந்தகத் தூள் ஒரு கைப்பிடி, வாரம் தவறாமல் காபிச் சக்கை. இப்போது கொழுந்து இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. ரசாயன உரம் வேண்டாம் என்றிருக்கிறேன். கந்தகத்தைக் கூட்டலாமா?

வேர்ப்பிடி:
கூட்டாதீர்கள். காய்ந்த மண்கட்டி ஒன்றில் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். சுர்ரென்று நுரைத்தால் மண்ணிலேயே சுண்ணாம்பு கலந்திருக்கிறது என்று பொருள். கோவில்பட்டிக் கரிசலில் சுக்கான்கல் கிடக்குமே, அதே சங்கதி. 1 சதவீதம் சுண்ணாம்பு இருந்தாலே, ஒரு சதுர மீட்டரில் மேல் 15 செ.மீ. மண்ணுக்குச் சுமார் 640 கிராம் கந்தகம் அதைக் கரைக்கவே போய்விடும். 10 சதவீதம் என்றால் ஆறு கிலோவுக்கு மேல். அதற்கப்புறம்தான் பி.எச். இறங்கவே ஆரம்பிக்கும். இந்த மண்ணோடு மல்லுக்கட்டுவது வீண்.

மஞ்சளுக்குக் காரணம் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கிறது, இந்த பி.எச்.சில் கரையாது. பழைய இலையிலிருந்து கொழுந்துக்கு இரும்பு நகராது, அதனால்தான் கொழுந்து முதலில் வெளுக்கிறது.

குழியும் தப்பு. களிமண் நடுவே பீட் குழி என்றால் மழைக்குத் தொட்டி மாதிரி தண்ணீர் நிற்கும். புளூபெர்ரிக்கு நூல் மாதிரி மேல்வேர்தான், சீக்கிரம் அழுகிவிடும்.

செடியைப் பிடுங்கி வேரில் ஒட்டிய களிமண்ணை அலசிவிட்டு, 60 லிட்டர் தொட்டிக்கு மாற்றுங்கள். பொடித்த பைன் பட்டை 30 லிட்டர், பீட் மாஸ் 24, பெர்லைட் (தண்ணீர் வடிய உதவும் லேசான வெள்ளைப் பொரிகல்) 6. தோட்டத்து மண் ஒரு பிடிகூட வேண்டாம். பீட் வாங்கும்போது பையைப் படியுங்கள். பாட்டிங் மிக்ஸ் (தயார் தொட்டிக் கலவை) என்று விற்பதில் பெரும்பாலும் சுண்ணாம்பு சேர்த்திருப்பார்கள். காய்ந்த பீட் தண்ணீரை உறிஞ்சாமல் ஓரமாக வழிய விட்டுவிடும், வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசைந்து ஊறவைத்த பிறகே கலக்க வேண்டும். மேலே மூன்று அங்குலம் பட்டை மூடாக்கு. பாத்தி கட்டுவதானால் தரைக்கு மேலே ஒன்றரை அடி உயரம், மரப்பலகையில். சிமெண்ட் கல் வேண்டாம், அதிலிருந்தும் சுண்ணாம்பு இறங்கும்.

மழைத்தொட்டி:
கலவை சரிதான், ஆனால் குழாய்த் தண்ணீரை மறந்துவிட்டீர்கள். இங்கே அதன் பி.எச். 8க்கு மேல். இரண்டு கோடை ஊற்றினால் நல்ல பீட்டும் கெட்டுவிடும். கூரை மழைநீரைப் பீப்பாயில் பிடித்து ஊற்றுங்கள். அது தீர்ந்தால் குழாய்த் தண்ணீரில் 10 லிட்டருக்கு 1.5 முதல் 2 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, பி.எச். தாளில் 5.5 வருகிறதா என்று பார்த்து ஊற்றலாம். இது இடைக்கால ஏற்பாடுதான். மண் நுண்ணுயிர்கள் சிட்ரேட்டைத் தின்றுவிட்டால் காரம் திரும்பிவிடும்.

காபிச் சக்கையை நம்பாதீர்கள். புளிப்பெல்லாம் டிகாக்‌ஷனோடு போய்விடுகிறது, சக்கை ஏறக்குறைய நடுநிலைதான்.

கொல்லைத்தோட்டம்:
ரொம்ப நன்றி. பீட்டுக்குப் பதில் தென்னைநார்க் கழிவு போடலாமா? உரத்துக்கு மாட்டெரு?

வேர்ப்பிடி:
நார்க்கழிவின் பி.எச். 6ஐ ஒட்டி நிற்கும், உப்பும் இருக்கலாம். பீட்டின் புளிப்பு அதற்கு வராது. மாட்டெரு, காளான் கம்போஸ்ட், சாம்பல், எலும்புத்தூள் எதுவும் கூடாது, எல்லாமே காரம் அல்லது உப்பு. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்குத் தூள் போடுங்கள், டெக்சாஸில் தாராளமாகக் கிடைக்கும். சின்னச் செடிக்கு இரண்டு மேசைக்கரண்டி, மார்ச்சில் ஒரு தடவை, மே கடைசியில் ஒரு தடவை. தொட்டியில் பி.எச். 5.5ஐத் தாண்டினால் மட்டும் ஒரு மேசைக்கரண்டி கந்தகம். அதை அமிலமாக்குவது பாக்டீரியா, அதற்குச் சூடும் ஈரமும் சில மாதமும் வேண்டும். தண்ணீர் தேங்கினால் அழுகின முட்டை நாற்றம்தான் வரும்.

டிஃப்புளூ தனியாகச் சரியாகக் காய்க்காது. மகரந்தத்துக்குப் பக்கத்தில் பிரைட்வெல் ரகச் செடி ஒன்று வையுங்கள். முதல் வருடப் பூவைக் கிள்ளிவிடுங்கள்.