கடற்பனியின் ஆல்பிடோவைக் கூட்டியும் விடை துளிகூட மாறவில்லை, ஏன்?

கேட்டவர்:
வணக்கம். சிஇஎஸ்எம்2 காலநிலை மாதிரியில், 1850ஆம் ஆண்டின் சூழலை மாறாமல் வைத்து நடத்தும் கட்டுப்பாட்டு ஓட்டம் ஒன்றை நடத்திவருகிறேன். வளிமண்டலம், கடல், கடற்பனி எல்லாம் இணைந்த முழு அமைப்பு. ஆர்க்டிக்கில் பனி மெலிந்து கிடக்கிறது, செப்டம்பர் பரப்பும் குறைவு. பனி திருப்பியனுப்பும் ஒளியின் பங்கான ஆல்பிடோவைச் சற்று உயர்த்திப் பார்க்கலாம் என்று, கடற்பனிக் கூறான சைஸின் நேம்லிஸ்டில் (அளவுருக்களைக் கொடுக்கும் கோப்பில்) வெற்றுப் பனிக்கான இரண்டு எண்களை மாற்றினேன்: கட்புல ஒளிக்கு 0.78 இருந்ததை 0.82 ஆகவும், அகச்சிவப்புக்கு 0.36 இருந்ததை 0.40 ஆகவும். ஓட்டம் பிழையின்றி முடிகிறது. ஆனால் விடை கடைசி இலக்கம்வரை பழைய ஓட்டத்தோடு ஒத்திருக்கிறது. ரன் அடைவில் உருவாகும் நேம்லிஸ்ட் கோப்பில் புதிய எண்கள் சரியாகவே இருக்கின்றன. மாதிரி அவற்றைப் படிக்கவில்லையா?

முதல் பதில்:
படிக்கிறது, பயன்படுத்தவில்லை. அதே கோப்பில் குறுஅலைக் கதிர்வீச்சுக்கான (சூரிய ஒளிக்கான) கணக்கீட்டு முறையின் தேர்வு என்னவென்று பாருங்கள். டெல்டா-எடிங்டன் என்று இருக்கும். நீங்கள் மாற்றிய இரண்டும் இந்த மாதிரியின் முன்னோடியான சிசிஎஸ்எம்3இன் பழைய முறைக்கு உரியவை. அந்த முறையில் ஆல்பிடோவை நாமே எண்ணாகக் கொடுப்போம்; பனியின் தடிமனுக்கும் வெப்பநிலைக்கும் ஏற்ப மாதிரி அதைக் குறைத்துக்கொள்ளும். டெல்டா-எடிங்டனில் ஆல்பிடோ உள்ளீடே அல்ல. வெண்பனி, பனிக்கட்டி, உருகுநீர்க் குட்டை ஆகியவை ஒளியை எவ்வளவு சிதறடிக்கின்றன, எவ்வளவு உறிஞ்சுகின்றன என்பதிலிருந்து கணக்கிட்டு வரும் விடை அது. பழைய எண்களை மாதிரி குறைசொல்லாமல் ஏற்றுக்கொண்டு ஓரமாக வைத்துவிடும். ஒரு எச்சரிக்கையாவது அச்சிட்டிருக்கலாம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

கேட்டவர்:
நன்றி, டெல்டா-எடிங்டன்தான். அப்படியென்றால் எதைத் தொடுவது? பழைய முறைக்கே மாறிவிடலாமா?

முதல் பதில்:
வேண்டாம். குட்டைகளின் ஆழத்தையும் பனிக்குள் ஊடுருவும் ஒளியையும் கையாளும் முறையை விட்டு ஏன் பின்னால் போக வேண்டும்? டெல்டா-எடிங்டனிலும் கைப்பிடிகள் உண்டு. முக்கியமானவை மூன்று, மூன்றுமே வெண்பனிப் பரலின் ஆரத்தைப் பற்றியவை.

முதலாவது ஆர்-எஸ்என்டபிள்யூ. உருகாத வெண்பனியின் பரல் ஆரம் 500 மைக்ரோமீட்டரிலிருந்து இந்த எண்ணின் 250 மடங்கைக் கழித்தால் கிடைப்பது. 1.25 கொடுத்தால் 187.5 மைக்ரோமீட்டர், 1.5 கொடுத்தால் 125. எண் ஏறினால் பரல் சிறுக்கும், ஆல்பிடோ உயரும். இரண்டாவது, உருகும் வெண்பனியின் உச்ச ஆரம். மூன்றாவது, உருகுநிலைக்கு எத்தனை பாகை கீழே இருக்கும்போதே பரல் பெருக்கத் தொடங்கலாம் என்பது. இந்த இரண்டும் எதிர்த்திசையில் வேலை செய்பவை. ஆல்பிடோ உயர வேண்டுமானால் இவற்றைக் குறைக்க வேண்டும். மூன்றையும் ஒரே திசையில் திருகினால் ஒன்றின் பலனை மற்றது விழுங்கிவிடும்.

பரல் பெருப்பதன் அடி பெரும்பாலும் அகச்சிவப்பில்தான் விழும். கட்புல ஒளியில் மாற்றம் சிறிது. ஆகவே மொத்த ஆல்பிடோவை மட்டும் பார்க்காமல் இரண்டு பட்டைகளையும் தனித்தனியே வரைந்து பாருங்கள். வெற்றுப் பனிக்கும் குட்டைக்கும் வேறு அளவுருக்கள் இருக்கின்றன. அவற்றை இப்போது தொடாதீர்கள். நேம்லிஸ்ட் மாற்றத்துக்கு மறுபடி பில்ட் செய்யத் தேவையில்லை. ரன் அடைவில் உள்ள கோப்பை நேரடியாகத் திருத்தாதீர்கள், அடுத்த முறை ஓட்டத்தைச் சமர்ப்பிக்கும்போது அது மேலெழுதப்படும்.

கேட்டவர்:
உச்ச ஆரத்தையும் தொடக்க வெப்பநிலையையும் குறைத்துச் சிறிய ஓட்டம் ஒன்று நடத்தினேன். இப்போது விடை மாறுகிறது. ஜூன் ஆல்பிடோ உயர்ந்திருக்கிறது. ஆனால் ஜனவரிப் படம் விசித்திரம்: வட துருவத்தைச் சுற்றி ஆல்பிடோ பூஜ்யம். செப்டம்பர் பரப்போ செயற்கைக்கோள் சராசரியோடு ஒத்துப்போகவில்லை.

இரண்டாம் பதில்:
ஜனவரியில் அங்கே சூரியனே இல்லை. ஒளி இல்லாத இடத்தில் ஆல்பிடோவுக்குப் பொருளும் இல்லை. ஆல்பிடோவைச் சராசரி எடுக்காதீர்கள்; மேல்நோக்கிப் போகும் குறுஅலையின் மாதக் கூட்டுத்தொகையைக் கீழ்நோக்கி வருவதன் கூட்டுத்தொகையால் வகுங்கள்.

பரப்பு விஷயத்தில் ஒப்பீடே பொருந்தாது. உங்கள் ஓட்டம் 1850இன் காற்றில் நடக்கிறது. தொடர்ச்சியான செயற்கைக்கோள் பதிவு தொடங்குவது 1970களின் கடைசியில். 1850 ஓட்டத்தில் பனி இன்றையதைவிட அதிகமாக இருந்தாக வேண்டும். 1850 முதல் 2014வரையிலான வரலாற்று ஓட்டத்தைப் புதிய அளவுருக்களோடு நடத்தி, அதன் கடைசிப் பத்தாண்டுகளை எடுத்து ஒப்பிடுங்கள். பனித் தடிமன் புதிய நிலைக்கு வந்து அமரப் பல பத்தாண்டுகள் ஆகும், அதற்குமுன் தெரிவது பாதி இயற்கை ஏற்ற இறக்கம்.

பருவச் சுழற்சியைச் சரிபார்க்க ஷீபா ஆய்வு நல்ல அளவுகோல். 1997-98இல் பியூஃபோர்ட் கடல் பகுதியில் பனியோடு மிதந்தபடி எடுத்த அளவீடுகள் அவை. வசந்தத்தில் 0.8க்கு மேல் இருந்த ஆல்பிடோ, குட்டைகள் முதிர்ந்த கோடையில் 0.4 அளவுக்கு இறங்கியது. உங்கள் மாதிரியில் ஜூனில் அந்தச் சரிவு தொடங்கும் நாள் முக்கியம். வெயில் உச்சத்தில் இருக்கும்போது சில நாள் முந்தினாலும் கோடை முழுக்க அதன் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

முதல் பதில்:
ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆல்பிடோ மட்டும்தான் குற்றவாளியா என்று பாருங்கள். மேகங்கள் குறைவாக இருந்து கூடுதல் வெயில் இறங்கினாலும் பனி மெலியும். கீழ்வரும் குறுஅலையையும், வெப்பக் கதிர்வீச்சான நெட்டலையையும் முதலில் சரிபார்க்காமல் பரலைத் திருகினால், ஒரு பிழையை இன்னொன்றால் மூடியதாகிவிடும்.

இரண்டாம் பதில்:
அது நியாயம். ஆனாலும் இந்த மாதிரியில் திருகலுக்கு முன்னோடி உண்டு. 2022இல் வெளியான ஆய்வில் இதே மாதிரியின் ஆல்பிடோவை உயர்த்தி, மேற்பரப்பு உருகலைக் குறைத்தார்கள். ஆர்க்டிக் பனி தடித்தது, கோடைப் பரப்பின் பிழை குறைந்தது, பனியற்ற கோடைக்கான மாற்றமும் தள்ளிப்போனது. வளிமண்டல உச்சியின் ஆற்றல் சமநிலையும் உலக மழையும் கெடவில்லை. நீங்களும் அந்தச் சமநிலையை ஒவ்வொரு ஓட்டத்திலும் பாருங்கள். லாப்ரடார் கடலையும் கண்காணியுங்கள்: இந்த மாதிரியின் உருவாக்கத்தில் அது உறைந்துபோய்த் தொல்லை கொடுத்தது. பனி அங்கே பரவினால் ஆழ்கடல் நீர் உருவாவதும் தடைப்படும்.

கேட்டவர்:
மேகங்களைப் பார்த்தேன். கீழ்வரும் குறுஅலை ஜூனில் ஷீபா அளவைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கிறது, அதற்கு ஒரு தனி இழை தொடங்குகிறேன். அதுவரை தொடக்க வெப்பநிலை ஒன்றை மட்டும் மாற்றி, உச்ச ஆரத்தைப் பழைய மதிப்பிலேயே வைத்து வரலாற்று ஓட்டத்தை வரிசையில் போட்டுவிட்டேன்.