கேட் தேர்வும் மாக் டெஸ்டும்: என் இரண்டு முயற்சிகள்

மாக் டெஸ்ட், அதாவது மாதிரித் தேர்வு, எழுதுவதற்குப் பதில் அந்த நேரத்தில் பாடத்தையே இன்னொரு முறை படிக்கலாமே என்று இங்கே ஒரு தம்பி கேட்டிருந்தார். நான் மெக்கானிக்கல். எம்.டெக். சேர, கணினியில் எழுதும் கேட் நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதினேன். முதல் முறை ஆன்லைனில் ஒரு டெஸ்ட்கூட எழுதவில்லை. அடுத்த வருடம் இருபதுக்கு மேல் எழுதினேன். இடையில் புதிதாகப் படித்த பாடம் என்று பெரிதாக ஒன்றுமில்லை.

முதல் வருடம் பழைய வினாத்தாள்களைப் பேப்பரில் போட்டுப் பார்த்தேன், கல்லூரியில் பழகிய என் கால்குலேட்டரோடு. தேர்வறைக்குள் அதை விடமாட்டார்கள், திரையிலேயே ஒன்று வரும் என்று தெரியும். ஆனால் கீபோர்டு வேலை செய்யாது, ஒவ்வொரு எண்ணையும் மவுஸால்தான் தட்டவேண்டும் என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. சைன் 30 வேண்டுமென்றால் முதலில் 30, அப்புறம் சைன். கை பழகிய வரிசை வேறு. மாற்றி அழுத்துவேன், அழிப்பேன், மறுபடி தட்டுவேன். 65 கேள்விகளுக்கு 180 நிமிடம். கடைசி 11 கேள்விகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அதைவிட வலித்தது இன்னொன்று. விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு 'சேவ் அண்ட் நெக்ஸ்ட்' அழுத்தாமல், பக்கத்தில் இருக்கும் கட்டத்தில் வேறு கேள்வி எண்ணைத் தட்டினால் போட்ட விடை பதிவாகாது. தொடக்கத்தில் வரும் விதிமுறையிலேயே அது இருக்கிறது. நான் வேகமாகத் தள்ளிவிட்டுப் போயிருந்தேன். பதிவான விடைகளைக் காட்டும் ரெஸ்பான்ஸ் ஷீட் வந்தபோது, நான் விடை போட்ட மூன்று கேள்விகள் விடையளிக்காதவை என்று கிடந்தன. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

அடுத்த வருடம் தேர்வை நடத்திய ஐ.ஐ.டி.யின் தளத்தில் இலவசமாகக் கொடுத்திருந்த மாக் டெஸ்டில்தான் தொடங்கினேன். தேர்வன்று வரும் அதே திரை, அதே கால்குலேட்டர். மதிப்பெண்ணைப் பார்க்காமல் கை பழகுவதற்காகவே அதைத் திரும்பத் திரும்பத் திறந்தேன்.

மற்ற டெஸ்ட்களில் எனக்கு உதவியது எழுதிய மூன்று மணி நேரம் அல்ல, அதற்குப் பிறகு உட்கார்ந்த மூன்று மணி நேரம். தவறிய ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதினேன்: தெரியாமல் விட்டதா, தெரிந்தும் தப்பியதா என்று. ஆறேழு டெஸ்ட்களுக்குப் பிறகு புரட்டினால் பாதிக்கு மேல் தெரிந்தும் தப்பியவை. விட்டம் கொடுத்திருக்க ஆரமாக எடுத்தது, மில்லிமீட்டரை மீட்டராக்க மறந்தது. இன்னொரு பழக்கமும் அப்போதுதான் கண்ணில் பட்டது. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்குத்தான் நெகட்டிவ் மார்க். எண்ணை டைப் செய்யும் கேள்விக்குக் கிடையாது. நானோ சந்தேகம் வந்தால் அதையும் காலியாகவே விட்டிருந்தேன்!

காசு கட்டிச் சேர்ந்த ஒரு டெஸ்ட் சீரிஸில் விடைக்குறிப்பே சில இடங்களில் தப்பு. ஒரு கணக்கோடு இரண்டு நாள் போராடினேன், கடைசியில் பார்த்தால் நான் போட்டதுதான் சரி. அதனால், தம்பி, பழைய கேட் வினாத்தாள்களை முடித்துவிட்டு மற்றதற்குப் போங்கள். அவற்றையும் திரையில், கடிகாரம் ஓட எழுதுங்கள்.

பதில்:

அண்ணா, அந்த 'சேவ்' விஷயம் எனக்கும் நடந்தது. நல்லவேளை, மாக் டெஸ்டிலேயே நடந்துவிட்டது. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ். ஆரம்பத்தில் ராத்திரி பத்து மணிக்குமேல் மொபைலில் எழுதுவேன், மதிப்பெண்ணும் நன்றாக வரும். ஒரு நாள் காலை ஒன்பதரைக்கு லேப்டாப்பில் உட்கார்ந்தேன்; பதினொன்றரைக்கே கவனம் போய்விட்டது. நீளமான புரோகிராம் கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தும் ஏறவில்லை. அட்மிட் கார்டில் காலையா மதியமா என்று தெரிந்ததும் அதே நேரத்தில், நடுவில் எழாமல், மவுஸ் மட்டும் வைத்து எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது வாரத்தில்தான் பன்னிரண்டரை வரை தாக்குப்பிடிக்க முடிந்தது.