ஜப்பானில் நாட்டோ, ஒனிகிரி, மென்தைக்கோ, மோச்சி: எதிலிருந்து தொடங்கலாம், எப்படிச் சாப்பிடணும்?

புதுக்குடித்தனம்

எல்லாருக்கும் வணக்கம். வேலை மாற்றலில் ஃபுகுவோகாவுக்குக் குடும்பத்தோட வந்திருக்கோம். அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் இங்கேயே கிடைக்குது, அதனால சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனா சில வருஷம் இந்த ஊர்ல இருக்கப்போறோம். சூப்பர்மார்க்கெட்ல பாதி அலமாரியை என்னன்னே தெரியாம தாண்டிப்போறது சரியாப் படலை.

எனக்கு மீன், முட்டை பழக்கம். மாட்டிறைச்சி, பன்றி வேண்டாம். மனைவி சுத்த சைவம், பால் மட்டும் சேர்ப்பாங்க. பையனுக்கு ஆறு வயசு. நொதிக்கவெச்ச சோயா பருப்பான நாட்டோவைப் பற்றி ஆளுக்கொண்ணு சொல்றாங்க. வாசனையை நினைச்சுத்தான் தயக்கமா இருக்கு. அதை முறையா எப்படிச் சாப்பிடணும்? கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல எதை நம்பி எடுக்கலாம்? இந்த ஊருக்கே உரியதுன்னு எதை முதல்ல பார்க்கணும்? மனைவிக்கு எது ஆகும்னு லேபிளை வெச்சுக் கண்டுபிடிக்க வழி உண்டா? விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா எழுதினா உதவியா இருக்கும்.

கரிசல்காடு

நாட்டோவைப் பிடிக்காதுன்னு ஒதுக்குறவங்கள்ல பலர் அதை அதுக்குரிய முறைப்படி சாப்பிட்டிருக்கவே மாட்டாங்க. முறையைச் சொல்றேன், செஞ்சு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

மூணு டப்பா சேர்ந்த கட்டாக விற்கும். ஒரு டப்பாவில் 40 முதல் 50 கிராம். பெரிய பருப்பு ஓத்ஸுபு, சின்னது கொத்ஸுபு, தோல் நீக்கி உடைச்சது ஹிகிவாரி. முதல் தடவை கொத்ஸுபு இல்லன்னா ஹிகிவாரி எடுங்க. பருப்பு சின்னதா இருந்தா சோற்றோட கலந்துடும், வாயில் தனியா வழுக்காது. தேதியையும் பாருங்க. நாட்டோ கிருமி உயிரோட இருக்கிறதால ஃபிரிட்ஜுக்குள்ளேயும் நொதிப்பு மெதுவா நடந்துக்கிட்டே இருக்கும். நாள் ஆக ஆக அம்மோனியா நெடி ஏறும். பருப்பு மேல வெள்ளைப் பொடி மாதிரி தெரிஞ்சு கடிச்சா நறநறன்னா, அது டைரோசின் படிகம். கெடுதி இல்லை, ருசி மட்டும் போயிருக்கும். அதனால தேதி தூரமா இருக்கிற டப்பாவா எடுங்க.

மூடியைத் திறந்தா மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதை விரலால் உரிச்சா நூல் கை, மேசை எல்லாம் இழுபடும். சாப்ஸ்டிக்கைத் தாளின் நடுவில் குத்தி, தாள் அதில் சுருளும்படி சுத்திட்டுத் தூக்குங்க, நூல் தாளோடயே வந்துடும்.

அடுத்து கலக்குறது. உள்ளே இரண்டு சின்னப் பொட்டலம் இருக்கும்: தாரே என்கிற சாஸ், கராஷி என்கிற கடுகு. பலர் முதல்ல தாரேயை ஊத்திடுவாங்க. அப்படிச் செஞ்சா ஈரம் கூடி, நுரை கட்டாம சளசளன்னு ஆகிடும். முதல்ல வெறும் நாட்டோவை 30 முதல் 50 சுற்று வேகமாகக் கிண்டுங்க. நூல் வெளுத்து நுரையா திரண்டு வரும். அப்புறம் தாரே, கராஷி, இன்னும் பத்து சுற்று. கூடவே பொடியா நறுக்கின வெங்காயத்தாள் ஒரு மேசைக்கரண்டி சேர்த்தா நெடி நல்லா அடங்கும்.

சூடு பட்டா வாசனை எழும்பும். அதனால பழகுற வரைக்கும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே, வெதுவெதுப்பான சோற்றில் போட்டுச் சாப்பிடுங்க. ஆவி பறக்கிற சோறு வேண்டாம். நம்ம பழக்கத்தில் எண்ணெய் காயவெச்சுத் தாளிச்சுக் கொட்டவே கூடாது, வீடு முழுக்க வாசனை நின்னுடும். அளவு: ஒரு பெரிய கரண்டி சோற்றுக்கு ஒரு டீஸ்பூன் நாட்டோ போதும். நோரி என்கிற காய்ந்த கடல்பாசித் தாளில் சுருட்டிச் சாப்பிட்டா இன்னும் சுலபம். கிண்ணத்தை உடனே தேய்க்காம பத்து நிமிஷம் தண்ணி ஊத்தி வெச்சா பிசுபிசுப்பு கரைஞ்சுடும். ஸ்பாஞ்சால நேரா தேய்ச்சா ஸ்பாஞ்சு முழுக்க ஒட்டிக்கும்.

முக்கியமான ஒண்ணு. வீட்டுப் பெரியவங்க யாராவது வார்ஃபரின் மாத்திரை எடுத்தா நாட்டோ கூடவே கூடாது. அதில் வைட்டமின் கே மிக அதிகம், மருந்தின் வேலையை அது கெடுத்துடும். கொஞ்சம்தானேன்னு விடக்கூடாத விஷயம் இது.

தண்டவாளம்

கரிசல்காடு சொன்ன முறை சரி. ஆனா நாட்டோவுக்கு டப்பாவிலிருந்து தொடங்கணும்னு இல்லை. கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல நாட்டோ மாகி, அதாவது நோரியில் சுருட்டின சோற்றுக்குழலுக்குள் ஹிகிவாரி நாட்டோ வெச்சது, தனியா ஒண்ணு கிடைக்கும். குளிர்ச்சியா இருக்கும், நூலும் உள்ளேயே அடங்கிடும். என்னைக் கேட்டா முதல் அறிமுகத்துக்கு அதுதான் ஏற்றது.

ஒனிகிரி என்கிற முக்கோணச் சோற்று உருண்டையைப் பிரிக்க ஒரு வரிசை உண்டு. உறையில் 1, 2, 3 எண் போட்டிருக்கும். உச்சியில் இருக்கிற 1-ஆம் நாடாவைப் பிடிச்சு முன்பக்கம் கீழே இழுத்து, அடியைச் சுத்தி, பின்பக்கம் மேலே வரைக்கும் முழுசா கிழிச்சு எடுத்துடுங்க. அப்புறம் 2-ஆம் மூலை ஒரு பக்கம், 3-ஆம் மூலை இன்னொரு பக்கம், நேரா வெளியே இழுக்கணும். சோற்றுக்கும் நோரிக்கும் நடுவில் ஒரு படலம் இருக்கு, நோரி நமுத்துப்போகாம அதுதான் காக்குது. 1-ஐ பாதியில் நிறுத்திட்டு மூலையை இழுத்தா நோரி படலத்துக்குள்ளேயே கிழிஞ்சு தங்கிடும்.

உள்ளே இருக்கிறதில் உங்களுக்கு ஏற்றவை: சாகே (சால்மன் மீன்), ட்சுனா மாயோ (டூனாவும் மயோனைஸும்), ஒகாகா (காட்ஸுவோ மீன் சீவலும் சோயா சாஸும்), உமே (உப்பில் ஊறின உமெபோஷி பழம்). உமெபோஷி நம்ம உப்பு நார்த்தங்காய் வேலையைச் செய்யும். பழைய முறையில் போட்டதில் உப்பு 18 முதல் 20 சதவீதம் வரை இருக்கும், அதில் கால் பழம் ஒரு கிண்ணம் சோற்றுக்குப் போதும். பையனுக்குத் தேன் சேர்த்த வகை ஆகும். கொட்டையை எடுத்துட்டுக் கொடுங்க.

ஒனிகிரியை வாங்கி ஃபிரிட்ஜில் அடுக்காதீங்க, சோறு விறைச்சுப் போகும். உறையில் தேதியோட மணியும் அச்சிட்டிருக்கும், அதுக்குள்ள முடிச்சுடணும். தேதி வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் வரும். 26.04.05 என்றால் 2026 ஏப்ரல் 5. ஷோஹி கிகென் என்பது அதுக்கு மேல சாப்பிடக்கூடாத கெடு, ஷோமி கிகென் என்பது ருசி நல்லா இருக்கும் காலம். முட்டை அட்டையில் போட்டிருக்கும் தேதி பச்சையாகச் சாப்பிடுறதுக்கான கெடு. அது தாண்டினா சீக்கிரமே நல்லா வேகவெச்சுச் சாப்பிடணும்.

இப்போ உங்க ஊர் விஷயம். ஃபுகுவோகாவில் இருந்துக்கிட்டு மென்தைக்கோவைப் பார்க்காம விடக்கூடாது. மிளகாய் சேர்த்து ஊறவெச்ச பொல்லாக் மீன் சினை அது. 1949-ல் உங்க ஊர் ஹகாதா பகுதியில் ஃபுகுயா கடை விற்கத் தொடங்கி, அங்கிருந்து நாடு முழுக்கப் பரவினது. பரிசுப் பெட்டியில் அடுக்கினது விலை அதிகம். கிரேகோன்னு கேளுங்க, பை உடைஞ்ச சினை. ருசி அதேதான், விலை நல்லா குறையும். உறைஞ்சதா வந்தா இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வெச்சு இளக்கணும். அவசரத்துக்கு மைக்ரோவேவில் வெச்சா ஓரம் வெந்து, நீர் விட்டு, கொழகொழன்னு ஆகிடும். மேல் சவ்வை நீளவாக்கில் கீறி, கத்தியின் மழுங்கின பக்கத்தால் வழிச்சு எடுங்க. உப்பு அதிகம், ஒரு கிண்ணம் சோற்றுக்கு ஒரு டீஸ்பூன் போதும். ஸ்பகெட்டியில் கலக்குறதா இருந்தா 100 கிராமுக்கு 40 கிராம் சினை, 10 கிராம் வெண்ணெய். அடுப்பை அணைச்சுட்டுத்தான் கலக்கணும், தீயில் போட்டா சினை உடனே வெந்து திட்டுத்திட்டா நிற்கும். பாஸ்தா வேகவைக்கிற தண்ணியில் உப்பைப் பாதியாக் குறைச்சுக்குங்க.

சைவச்சட்டி

சைவத்துக்கு நான் சொல்றேன், ஏன்னா இங்கே ஏமாறுவது ரொம்ப சுலபம். கறித்துண்டு கண்ணுக்குத் தெரியாது, குழம்புத் தண்ணியிலதான் மீன் இருக்கும். தாஷி என்கிற அடிச்சாறு பெரும்பாலும் காட்ஸுவோ மீன் சீவலில் எடுக்கிறது. ஊதோன், சோபா நூடுல்ஸ் குழம்பு, ஓதென் என்கிற கொதிசாற்றுப் பானையில் மிதக்கிற முள்ளங்கி, மிசோ (நொதிக்கவெச்ச சோயா விழுது) சூப், எல்லாத்திலும் அது உண்டு. உங்க ஊர்ல பிரபலமான கொபோதென் ஊதோனில் மேலே மிதக்கிறது வேர்க்கிழங்கு பஜ்ஜிதான், ஆனா குழம்பு மீன் சாறு. நாட்டோ டப்பாவின் தாரே பொட்டலத்திலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுட்டு அரை டீஸ்பூன் சோயா சாஸ் ஊத்தினா உங்க மனைவிக்கு நாட்டோ தாராளமா ஆகும். உமே, கொம்பு (ஒரு கடல்பாசி) ஒனிகிரியிலும் மீன் சாறு சேர்க்கிறது வழக்கம், லேபிள் பார்க்காம எடுக்காதீங்க.

லேபிளில் ஒவ்வாமைப் பட்டியலை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. முட்டை, பால், கோதுமை, பக்வீட், நிலக்கடலை, இறால், நண்டு, வால்நட் ஆகியவற்றைக் கட்டாயம் குறிப்பாங்க. மாடு, பன்றி, கோழி, ஜெலட்டின் எல்லாம் ஒவ்வாமைக் குறிப்பில் பரிந்துரை அளவில்தான் வரும். காட்ஸுவோ மீன் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. ஆகவே மூலப்பொருள் பட்டியலை முழுசா போன் கேமரா மொழிபெயர்ப்பில் படிங்க. அளவு அதிகமானது முதலில் வரும், சாய்கோட்டுக்கு அப்புறம் வர்றது சேர்மானங்கள். போனிட்டோ (காட்ஸுவோ மீன்), எக்ஸ்ட்ராக்ட் (சாறு), லார்ட் (பன்றிக்கொழுப்பு), ஜெலட்டின் ஆகிய நாலையும் தேடுங்க. மொழிபெயர்ப்பு குழறுபடியா வந்தா விளக்கு வெளிச்சம் உறையில் பளபளக்காத மாதிரி சாய்ச்சுப் பிடிங்க.

நொறுக்கில் கான்ஸொமே சிப்ஸ் வேண்டாம், அதில் இறைச்சிச் சாறு வரும். வெறும் உப்புச் சிப்ஸில் முக்கியமா உருளை, எண்ணெய், உப்புதான், ஆனாலும் லேபிளைப் பாருங்க. ஜப்பானியக் குழம்பு அடைச்ச கரி பன்னிலும், கரைச்சுக் குழம்பு வைக்கிற கரி ரூ கட்டியிலும் மாட்டுக்கொழுப்போ பன்றிக்கொழுப்போ இருக்கிறது சகஜம், இது உங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். இனிப்பில் பாக்கியம் அதிகம். அரிசி மாவும் பயறு விழுதும் சேர்ந்த தைஃபுகு, கடல்பாசி அகரில் உறையவெச்ச யோகான், வறுத்த சோயா மாவு தூவின வராபி மோச்சி எல்லாம் பெரும்பாலும் சைவம்தான். பளபளக்கும் கம்மி மிட்டாய், மார்ஷ்மெல்லோ, கப் புட்டிங் ஆகியவற்றில் ஜெலட்டினைப் பாருங்க.

வீட்டிலேயே சைவச் சாறு எடுத்துக்கலாம். ஒரு லிட்டர் தண்ணியில் 10 கிராம் கொம்பு பாசியை இரவு முழுக்க ஊறவெச்சு, மறுநாள் சிறுதீயில் சூடாக்கி, அடியில் குமிழ் கிளம்பும்போதே பாசியை எடுத்துடணும். கொதிக்கவிட்டா வழவழப்பும் பாசி வாடையும் இறங்கும். காய்ந்த ஷிடாகே காளான் இரண்டு சேர்த்து ஊறவெச்சா சாறு கனம் கூடும். மிசோ வாங்கும்போது தாஷி கலந்ததை விட்டுட்டு வெறும் மிசோவா எடுங்க. ஒரு கிண்ணத்துக்கு ஒரு மேசைக்கரண்டி, அடுப்பை அணைச்சபிறகு கரைக்கணும். கொதிச்சா மணம் போயிடும்.

புதுக்குடித்தனம்

இவ்வளவு விவரமா எழுதினதுக்கு நன்றி. தாரே பொட்டலத்தில் மீன் இருக்கும்னு நினைக்கவே இல்லை. இன்னொண்ணு: பையன் மோச்சி கேட்கிறான். கடையில் கட்டி கட்டியா காய்ந்த மாதிரி விற்கிறாங்களே, அது என்ன, அவனுக்குக் கொடுக்கலாமா? பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஆடுற ஒரு பாளமும் பார்த்தேன்.

கரிசல்காடு

அந்தக் கட்டி கிரிமோச்சி. ஒட்டரிசியை ஆவியில் வேகவெச்சு இடிச்சுக் காயவெச்சது, ஒரு துண்டு ஏறத்தாழ 50 கிராம். டோஸ்டர் அவனில் 1000 வாட்டில் நாலஞ்சு நிமிஷம் வெச்சா பொன்னிறமாகி உப்பி வெடிக்கும். அந்தக் கட்டத்தில் எடுத்துடுங்க, தாமதிச்சா உள்ளே இருக்கிறது வழிஞ்சு கம்பியில் ஒட்டிக்கும். சோயா சாஸ் தடவி நோரியில் மடிச்சுச் சாப்பிடலாம், இல்லன்னா சோயா மாவும் சர்க்கரையும் சம அளவு கலந்து புரட்டலாம்.

ஆனா தொண்டையில் அடைக்கிற உணவு இது. ஒவ்வொரு புத்தாண்டிலும் இதனால் பெரியவங்க உயிரிழக்கிற செய்தி இங்கே வரும். ஆறு வயசுப் பையனுக்கு மோச்சியைச் சுண்டுவிரல் நகத்தளவு வெட்டிக் கொடுங்க. முதல்ல தேநீரோ சூப்போ குடிச்சுத் தொண்டையை நனைக்கணும். உட்கார்ந்து, பேசாம, நல்லா மென்னு, ஒரு வாய் இறங்கின பிறகுதான் அடுத்தது. அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே இருங்க.

ஆடுற பாளம் கொன்யாக்கு, கிழங்கு மாவில் செய்றது. சைவம்தான். பொதியைத் திறந்ததும் ஒரு வாடை வரும், உறையவைக்கச் சேர்க்கிற சுண்ணாம்பினால் வர்றது. உப்பு தேய்ச்சு அலசி, கொதிக்கிற தண்ணியில் மூணு நிமிஷம் வேகவெச்சு வடிச்சா போயிடும். கத்தியால் வெட்டாம கரண்டி விளிம்பாலோ கையாலோ பிய்ச்சுப் போடுங்க. சொரசொரப்பான முகத்தில்தான் காரமும் உப்பும் ஏறும். எண்ணெய் விடாம வாணலியில் சத்தம் வர்ற வரைக்கும் வறுத்து, அப்புறம் எண்ணெய், சோயா சாஸ், மிளகாய் போட்டா நல்லா ஒட்டும். கப்பில் வர்ற கொன்யாக்கு ஜெல்லியைப் பையனுக்குத் தரவேண்டாம், அதுவும் தொண்டையில் அடைக்கும்.

சைவச்சட்டி

மோச்சி பற்றி இன்னும் ஒண்ணு, வசந்தகாலத்தில் உதவும். இளஞ்சிவப்பு சாகுரா மோச்சியைச் சுத்தியிருக்கிறது உப்பில் ஊறின செர்ரி இலை, இனிப்போட சேர்த்துச் சாப்பிடலாம். மே மாதம் வர்ற காஷிவா மோச்சியின் ஓக் இலை தடிப்பா, நாரா இருக்கும், அதை உரிச்சுப் போட்டுடணும்.