பால், பாலினம், உணர்பால்: வெள்ளிக்குள் முடிவு வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.
மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டங்களில் கட்சியின் மகளிர் பிரிவு கொடுக்கப்போகும் நான்கு பக்கக் கொள்கைத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மலாய் மூலத்தில் 'ஜந்தினா', 'இடென்டிட்டி ஜெண்டர்' என்று இரண்டு சொற்கள். முன்னது கூட்டரசு அரசியலமைப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவான 8(2)-இல் 2001-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. சம ஊதியப் பத்தியில் வருகிறது. பின்னது திருநங்கையர், திருநம்பியர் பத்தியில். முறையே 'பால்', 'பாலின அடையாளம்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
– க.

தம்பி, 'பால்' கூடவே கூடாது. "பாலை வைத்துச் சம்பளத்தில் வேறுபாடு காட்டக்கூடாது" என்று எழுதியிருக்கிறீர்கள். பால்மரம் (ரப்பர்) வெட்டுகிறவர்களுக்குப் பாலை எடைபோட்டுத்தானே கூலி! எடைக்கேற்ற கூலியைக் கட்சி எதிர்க்கிறது என்றல்லவா படிப்பார்கள்? "ஆண், பெண் என்று பார்த்து" என்றே போடுங்கள். 98 நாள் பேறுகால விடுப்புப் பத்தியில் 'பெண் தொழிலாளி' போதும்.
– செ. டீச்சர்

'பாலினம்' என்பதே கூறியது கூறல். பகல் என்றால் பகுப்பு. அகல் ஆல் ஆனதுபோல் பகல் பால் ஆனது. பகுப்போடு இனம் எதற்கு? 'பாலின அடையாளம்' என்பதற்கு 'உணர்பால்' என்பேன். வினைத்தொகை: உணர்ந்த பால், உணர்கிற பால், உணரும் பால். இடையில் மாறிக்கொண்டார் என்ற பழிக்கே அதில் இடமில்லை. நன்னூல் பெயரியலும் ஆண்மை விட்டுப் பெண்மை அவாவுபவரைப் பெண்பால் என்றே ஆள்கிறது. உடம்பைக் கேட்கவில்லை, அவாவைக் கேட்கிறது.
– மா.

ஐயா, அதே நூற்பா அவரையும், பெண்மை விட்டு ஆண்மை அவாவுபவரையும் அஃறிணைபோல ஆளவும் இடம் தருகிறது. அந்த அடியை விட்டுவிட்டு மேலடிகளை மட்டும் சான்றாக்க முடியாது. திருநங்கையர் 'அது' என்று கூப்பிடப்பட்டுப் பட்ட வலி கொஞ்சமா?

தாளைக் கையில் வாங்குபவரை நினையுங்கள். ஐசி (அடையாள அட்டை) எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். சேலை கட்டி வருபவரின் எண் 7-இல் முடிந்தால் கிளினிக் முகப்பிலேயே விசாரணை தொடங்கிவிடும். அந்த இடத்தில் அவர் காட்ட வேண்டிய சொல் கேட்டவுடனே புரிய வேண்டும். 'பாலின அடையாளம்' செய்தித்தாளில் பழகிவிட்டது.

வரைவில் உள்ள 'மூன்றாம் பாலினம்' என்பதையும் எடுத்துவிடுங்கள், தம்பி. தன்னைப் பெண் என்பவரை மூன்றாமவர் ஆக்குகிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2014-இல் மூன்றாம் பாலினத்தை ஏற்றபோதுகூட, ஆண், பெண், மூன்றாம் பாலினம் எது என்பதை அவரவரே தீர்மானிக்கலாம் என்றது.
– வ.

அக்கா சொல்வதுதான் என் கருத்தும். இன்னொன்று: மூலத்தில் 'பெண்கள்' என்று மட்டும் உள்ள இடத்தில் 'திருநங்கையர் உட்பட' என்று நாமாகச் சேர்க்கவும் வேண்டாம், இருப்பதை நீக்கவும் வேண்டாம். கழிப்பறைப் பத்தியில் அது கொள்கையையே மாற்றிவிடும். மகளிர் பிரிவிடம் எழுதிக் கேளுங்கள்.
– செ. டீச்சர்

சரி டீச்சர், இன்றே கேட்கிறேன். நம்மில் மூவர் 'பாலின அடையாளம்' என்கிறோம். முதல்முறை வருமிடத்தில் "ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ வேறாகவோ உணர்வது" என்று விளக்கம் சேர்த்துவிடுகிறேன்.
– க.

விளக்கத்திலும் 'உணர்வது' என்றுதானே வந்தது? அதைத்தான் நான் இரண்டு அசையில் சொன்னேன். அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் சொற்பட்டியலில் உணர்பாலையும் எழுதி வையுங்கள்.
– மா.