டிரம் சுற்றுகிறது, கழல மாட்டேன் என்கிறது

துருப்பிடித்தவன்:
வண்டி 1966 ஃபோர்டு எஃப்-100. பல வருஷம் ஷெட்டில் சும்மா நின்றது. பின்பக்க வலது பிரேக் டிரம் (சக்கரத்துக்குள் இருக்கும் இரும்புக் கிண்ணம்) நாலு தட்டில் கையோடு வந்துவிட்டது. இடதுதான் மூன்று நாளாக உயிரை வாங்குகிறது. சுற்றினால் சர்ர் என்று உரசிக்கொண்டு சுற்றுகிறது. இழுத்தால் நாலைந்து மில்லிமீட்டர் வெளியே வருகிறது, விட்டால் ஸ்பிரிங் போல உள்ளே போய்விடுகிறது. துருவுக்கு ஆயில் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தும் பலனில்லை. மூன்று கால் புல்லரை ஓரத்தில் மாட்டி இழுத்துவிடலாமா?

கிரீஸ்கை:
புல்லரைக் கீழே வையுங்கள். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அந்த வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

துருவாக இருந்தால் டிரம் அசைந்தே இருக்காது. வெளியே வந்து திரும்ப உள்ளே போகிறது என்றீர்களே, அதிலேயே விஷயம் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூ, தேய்த்துத் தேய்த்து டிரம்முக்குள் பள்ளம் பறித்துவிட்டது. தேயாத ஓரம் வரப்பு மாதிரி நிற்கிறது. ஷூ அந்த வரப்பில் இடிக்கிறது, அதைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்தான் திரும்ப இழுக்கிறது. இழுப்பதை விட்டுவிட்டு ஷூவைச் சுருக்கப் பாருங்கள்.

முதலில் ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்துங்கள். டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகட்டில், அதாவது பேக் பிளேட்டில், கீழே ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதை எடுத்தால் ஷூவை விரிக்கவும் சுருக்கவும் திருப்பும் பல்சக்கரம், ஸ்டார் வீல், தெரியும். தானாக அட்ஜஸ்ட் ஆகும் பிரேக் என்றால் ஒரு லிவர் அதன் பல்லில் உட்கார்ந்திருக்கும். மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் லிவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் பல் பல்லாகத் திருப்புங்கள். லிவரைத் தள்ளாமல் திருப்பினால் இறுகும் பக்கம் மட்டும்தான் போகும். நான் ஒருமுறை அப்படியே அரை மணி நேரம் இறுக்கிவிட்டு, துருவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பழையலாரி:
அவர் சொன்னது சரி. சக்கரத்தை மாட்டும் போல்ட்டில், அதாவது ஸ்டட்டில், டிரம்மைப் பிடித்துக்கொண்டு தகடு கிளிப் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், ஃபேக்டரியில் மாட்டியது அப்படியே இருக்கும். தட்டுவதென்றால் ஓரத்தில் வேண்டாம், ஸ்டட்டுகளுக்கு நடுவே முகத்தில் தட்டுங்கள். கழன்றதும் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள்.

துருப்பிடித்தவன்:
லிவரைத் தள்ளியாயிற்று, ஸ்டார் வீல் அசையவில்லை. ஸ்க்ரூடிரைவர் வழுக்கிக்கொண்டே இருக்கிறது.

கிரீஸ்கை:
அப்போது கடைசி வழி. ஷூவைப் பிடித்திருக்கும் ஆணியின் தலை பேக் பிளேட்டுக்குப் பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். ஷூவுக்கு ஒன்று, இரண்டையும் உளியால் வெட்டிவிடுங்கள். ஷூவுக்குப் பிடிமானம் போய்விடும், ஆட்டி ஆட்டி இழுத்தால் டிரம்மோடு சேர்ந்தே வரும். எப்படியும் ஆணி, ஸ்பிரிங் எல்லாம் புதுசு போடத்தான் போகிறீர்கள்.

துருப்பிடித்தவன்:
வந்துவிட்டது! ஷூ, ஸ்பிரிங் எல்லாம் கூடையைக் கவிழ்த்தது போலக் கொட்டின. வரப்பு நகத்தில் தட்டுப்படுகிறது. ஸ்டார் வீலில் பாதிப் பல் காணோம். நான் தின்றதா, எனக்கு முன்னால் எவரோ தின்றதா தெரியவில்லை.