அருணாச்சலப் பிரதேசத்தில் நேரில் கண்டது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பாசிகாட்டில் இரண்டு வருடம் சாலை அளவை வேலையில் இருந்தேன். ஒருநாள் சியாங் ஆற்றோரம் ஆதி என்ற பழங்குடியினரின் கிராமம் ஒன்றுக்குப் போனபோது ஊர்ப் பொதுக்கூடத்தில் கேபாங் நடந்துகொண்டிருந்தது. கேபாங் என்றால் அவர்களுடைய ஊர்ச்சபை. யாரோ ஒருவருடைய மிதுன் மாடு வேலி தாண்டி இன்னொருவர் வயலை அழித்துவிட்டது. வயல்காரர் அதை வெட்டிக் காயப்படுத்திவிட்டார். அங்கே மிதுன் என்பது வெறும் கால்நடை இல்லை. சீர், அபராதம், கௌரவம் எல்லாம் அதுதான்.

நடுவில் சிவப்புக் கோட்டு போட்ட மூன்று பெரியவர்கள். காவ் பூடா என்பார்கள். அந்தக் கோட்டு அரசாங்கம் கொடுப்பது, வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். வக்கீல் கிடையாது, கட்டுக்கட்டாகக் காகிதமும் கிடையாது. ஒவ்வொருவராக எழுந்து பேச, யாரும் குறுக்கிடவில்லை. பக்கத்திலிருந்தவர் எனக்கு இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தார். சாயங்காலம் நஷ்டஈடு முடிவானதும் இருவருக்கும் ஒரே அடுப்பருகே அபோங் என்ற அரிசி பீரை ஊற்றிக் கொடுத்தார்கள். பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது.

ஏதோ பழைய பழக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, இதற்குச் சட்டமே இருக்கிறது. 1945-ஆம் ஆண்டின் அசாம் எல்லைப்புற நீதி நிர்வாக ஒழுங்குமுறை ஊர்ப் பெரியவர்களுக்கு வழக்குத் தீர்க்கும் அதிகாரம் கொடுத்திருக்கிறது. இதே சியாங் பக்கம் கோம்சிங்கில் 1911-இல் வில்லியம்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி கொல்லப்பட்டார். பதிலுக்குப் பெரும்படை வந்தது. அப்படிப் படையெடுத்து வந்த அரசுகூட, ஊரை ஆள ஊர்க்காரரின் தோளில்தான் கோட்டு மாட்ட வேண்டியிருந்தது.

———

அண்ணா, நான் திபெத் எல்லையோரம் இருக்கும் தவாங் பக்கம் போயிருந்தேன். தங்கியிருந்த மோன்பா பழங்குடி வீட்டுப் பாட்டி, அவர் அப்பா காலத்தில் தானியத்தைச் சுமந்துபோய் எல்லைக்கு அப்பால் திபெத்தின் சோனா ஊர் அதிகாரிகளுக்கு வரியாகக் கொடுத்ததைச் சொன்னார். 1914-இலேயே இந்தியாவுக்கும் திபெத்துக்கும் எல்லையாக மக்மோகன் கோடு போட்டாயிற்று. ஆனாலும் 1951 பிப்ரவரியில் இந்திய அதிகாரி மேஜர் பாப் காதிங் அசாம் ரைஃபிள்ஸ் படையோடு வந்த பிறகுதான் அந்தச் சுமை இறங்கியது. அவர் மணிப்பூரைச் சேர்ந்த தாங்குல் நாகா. வரைபடத்தில் போட்ட எல்லைக்கோட்டுக்கும் பாட்டியின் அப்பா முதுகில் இருந்த மூட்டைக்கும் நடுவே முப்பத்தேழு வருடம்!

———

எனக்கு அங்கே பேசக் கிடைத்தவர் ஓய்வுபெற்ற ஓர் அரசு ஊழியர், ஆதிக்காரர். "நான் பிறந்தது எல்லைப்புறப் பகுதியில், படித்தது நேஃபாவில், வேலைக்குச் சேர்ந்தது யூனியன் பிரதேசத்தில், ஓய்வுபெற்றது மாநிலத்தில். வீடு மட்டும் மாறவே இல்லை" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. 1954-இல் நேஃபா, அதாவது வடகிழக்கு எல்லைப்புற முகமை (NEFA), 1972 ஜனவரி 20-இல் யூனியன் பிரதேசம், 1987 பிப்ரவரி 20-இல் மாநிலம். நேஃபாவை 1965 வரை கவனித்தது வெளியுறவு அமைச்சகம் என்பதையும் அவர்தான் சொன்னார். சொந்த நாட்டுக்குள் இருக்கும் மண்ணுக்கு வெளியுறவுத் துறை! கேட்டபோது நெஞ்சில் ஏதோ தைத்தது.

அவர் பள்ளியில் படித்தது அசாமிய மொழியில். மகள் இந்தியும் ஆங்கிலமும். அன்று பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஆதி மொழியில் எண்ணச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.